பார்க்காமல் கொடுத்த முத்திரை

1986ஆம் ஆண்டு. ஊர்காவற்றுறைப் பக்கம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. பி.எச்.ஐ. என்றால்தான் சனங்களுக்கு விளங்கும். கிணறுகளுக்குக் குளோரின் போடுவது, தேநீர்க் கடைகளைப் பார்ப்பது, மலசலகூடம் கட்டச் சொல்லி வீடு வீடாகத் திரிவது எல்லாம் எனக்குப் பிடித்த வேலைகள். பிடிக்காத வேலை ஒன்றுதான். மாடு வெட்டும் கொல்களத்துக்குப் போவது.

நான் சைவம். எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைத்ததில்லை. ஆனால் வெட்டுவதற்கு முதல் மாட்டை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும், வெட்டிய பிறகு ஈரலையும் சுவாசப்பையையும் சோதிக்க வேண்டும், எல்லாம் சரியென்றால் இறைச்சியில் ஊதா மை முத்திரை குத்த வேண்டும். நான் வாசலோடு நின்று, லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

இறைச்சிக் கடைக்காரருக்கு இது இரண்டு மூன்று நாளிலேயே பிடிபட்டுவிட்டது. "ஐயா உள்ளுக்க வந்து கஷ்டப்பட வேண்டாம்" என்று முத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு போவார். தானே குத்திவிட்டுத் துடைத்துத் திருப்பித் தருவார். எனக்கு வாடகை அறை தேடித் தந்தவரும் அவர்தான். பஸ் ஓடாத நாட்களில் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். ஊருக்குப் புதியவனான எனக்கு அவர் பெரிய ஆறுதலாக இருந்தார்.

அப்போது அவருடைய வியாபாரம் பெருத்துக்கொண்டு வந்தது. உள்ளூர்க் கடையோடு பட்டணத்துக் கடைகளுக்கும் அவர்தான் மாடு கொடுத்தார். நெடுந்தீவில் மொத்தமாக வாங்கி, வள்ளத்தில் பத்துப் பன்னிரண்டு மாடுகளைக் கால் சேர்த்துக் கட்டி, ஒன்றோடொன்று நெருக்கிக் கிடத்திக் கொண்டுவருவார்கள். கடலில் கடற்படை மறித்துச் சோதித்தால் வள்ளம் மணிக்கணக்கில் வெயிலில் நிற்கும். மாடுகளுக்கு ஒரு வாளி தண்ணீர் வைப்பார் இல்லை. இறங்குதுறையில் நான் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். என் வேலை இறைச்சி, மாடு அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் காலை கொல்களத்துக்குப் போனபோது, முந்தின நாள் வந்திறங்கிய ஒரு நாம்பன் மாடு வண்டியிலேயே கிடந்தது. கயிறு அறுத்த இடத்தில் முன்னங்கால்கள் புண்ணாகி ஈ மொய்த்தது. வாயில் நுரை. இரண்டு பேர் வாலைப் பிடித்துத் தூக்கியும் எழும்பவில்லை. தொட்டுப் பார்த்தேன். காது நெருப்பாய்ச் சுட்டது.

எழும்ப ஏலாத மாட்டை வெட்ட அனுமதிக்கக் கூடாது. படிப்பில் முதல் மாதமே சொல்லித் தந்த விஷயம் அது.

"அண்ணை, இது காய்ச்சல்போலக் கிடக்கு" என்றேன்.

"கடலில வந்த களைப்பு ஐயா. நாளைக்குக் கலியாண வீட்டுக்குச் சொல்லி வைச்ச மாடு. இப்ப வேற மாட்டுக்கு நான் எங்க போறது?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "நீங்கள் ஒண்டும் பாக்க வேண்டாம். நான் பொறுப்பு" என்றார்.

அன்றும் வாசலில்தான் நின்றேன். வெட்டி முடிந்து ஈரலை ஒருவர் வெளியே கொண்டுபோனபோது என் கண்ணில் பட்டது. அதில் மஞ்சள் மஞ்சளாகச் சீழ்க்கட்டிகள். கடைக்காரர் கையை நீட்டினார். நான் முத்திரையைக் கொடுத்தேன். பயமுறுத்தியோ காசு தந்தோ அவர் அதை வாங்கவில்லை. முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். நான் அந்த இறைச்சியைத் தின்னப்போவதில்லை என்பதும் மனத்தின் ஒரு மூலையில் இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

கலியாணம் நடந்தது கடற்கரையோரத்துக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பொழுது படுவதற்குள் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றோட்டம், சத்தி, காய்ச்சல். மணமகளின் தகப்பனை ஒரு வான் பிடித்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சின்னப் பிள்ளைகள் துவண்டுபோய்க் கிடந்தார்கள். நல்ல காலம், உயிர் ஒன்றும் போகவில்லை.

அடுத்த நாள் விசாரிக்கப் போனது நான்தான். கலியாணப் பந்தல் கழற்றாமல் அப்படியே நின்றது. மணமகளின் தாய் நடக்க ஏலாத நிலையிலும் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

"இறைச்சியோ தெரியேல்லை" என்று நானே மெல்லக் கதையைத் தொடங்கினேன். அவர்களாக அதைச் சொல்லிவிட்டால் தப்பலாம் என்று பட்டது.

"இறைச்சியில பிழை இருக்காது ஐயா" என்றார் அந்தத் தாய். "நீங்கள் குத்தின முத்திரையை என்ர கண்ணால பாத்துத்தானே வாங்கினனான்."

வளவைச் சுற்றி நடந்தேன். பக்கத்து வளவில் ஒரு கிணறு இருந்தது. அந்தக் கிராமத்தில் நல்ல தண்ணீர் உள்ள இரண்டு கிணறுகளில் அது ஒன்று. கலியாணச் சமையலுக்கும் அங்கேதான் அள்ளியிருந்தார்கள். கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் உடைந்திருந்தது. மழை வெள்ளம் உள்ளே போகலாம். எனக்கு அது போதுமாக இருந்தது.

கிணற்றுக்குச் சொந்தக்காரி நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கடலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. இடியப்பம் அவித்து விற்றுத் தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் வளர்த்து வந்தார். நான் கொப்பியில் எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஐயா, நான் நேர்த்தி வைச்சு இறைச்சி தின்னாமல் இருக்கிறன். நேற்றும் தின்னேல்லை. இந்தத் தண்ணியைத்தான் மூண்டு நேரமும் குடிக்கிறன். எனக்கும் பிள்ளையளுக்கும் ஒண்டும் செய்யேல்லையே. பிள்ளையளும் நேற்று வெறும் பருப்போடதான் சாப்பிட்டதுகள்."

இதைவிடத் தெளிவான சாட்சி ஒரு பரிசோதகருக்குக் கிடைக்காது. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. ஆனாலும் உத்தியோகக் குரலில், "சில ஆக்களுக்குப் பழகின தண்ணி தாங்கும் அக்கா" என்று சொன்னேன். அறிக்கையில் 'அசுத்தமான கிணற்று நீர்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கிணற்றில் குளோரின் போட்டு, பாவிக்கக் கூடாது என்று பலகையும் கட்டினேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பலகையை எடுத்துவிட்டேன். ஆனால் சனங்கள் திரும்பி வரவில்லை. மற்றக் கிணற்றுக்கு அரை மைல் நடந்தார்கள். அந்தப் பெண்ணிடம் இடியப்பம் வாங்குவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அவர் வீடு வீடாகக் கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போவதை நான் சைக்கிளில் போகும்போது கண்டிருக்கிறேன். கண்டால் மற்ற ஒழுங்கையால் திரும்பிவிடுவேன். அந்த வருடக் கடைசியில் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன்.

தொண்ணூறில் சண்டையால் தீவுச் சனங்கள் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். பள்ளிக்கூடங்கள் எல்லாம் முகாம்கள். ஒரு முகாமில் தண்ணீர்ப் பவுசர் வண்டியைச் சோதிக்கப் போன இடத்தில், வரிசையில் வாளியோடு அந்தக் கிணற்றுக்காரப் பெண் நின்றார். அவர்தான் முதலில் சிரித்தார்.

"தம்பி, எங்கட ஊர் பி.எச்.ஐ. எல்லே?"

நான்கு வருடம் நெஞ்சுக்குள் கிடந்தது அந்த இடத்திலேயே வாயால் வந்துவிட்டது. மாட்டை, ஈரலை, முத்திரையை, எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை முன்னே நகர்ந்தது. அவர் நகரவில்லை.

"அப்ப என்ர கிணத்தில பிழை இல்லை எண்டு உங்களுக்கு அண்டைக்கே தெரியும்?"

"ஓம் அக்கா."

"என்ர மூத்தவள் கேட்டவள், அம்மா, நாங்கள்தானோ அந்தப் பிள்ளையளுக்கு வருத்தம் குடுத்தனாங்கள் எண்டு. நான் ஓம் எண்டு சொன்னனான் தம்பி. நீங்கள் படிச்ச ஆள் எழுதினதை நானும் நம்பிப்போட்டன்."

அவர் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறையைக் காட்டினார்.

"எங்கட ஊராக்கள் அஞ்சாறு குடும்பம் அங்க இருக்கினம். கலியாண வீட்டுக்காரரும் நிக்கினம். எனக்குச் சொன்னதை அவைக்குச் சொல்லுங்கோ. அது காணும்."

"இண்டைக்கு இன்னும் ரெண்டு முகாம் பாக்கக் கிடக்கு. நாளைக்குக் காலமை கட்டாயம் வந்து சொல்லுறன்" என்றேன். அந்த வகுப்பறைக்கு ஐம்பது மீற்றர் தூரம்கூட இருக்காது.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலையில் போனேன். இடம் போதாதென்று அந்தக் குடும்பங்களை விடியவே வேறெங்கோ ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சில நாள் தேடினேன். பிறகு விட்டுவிட்டேன்.

அந்த ஊர்க்காரர் யாராவது இன்று இந்தப் பக்கத்தை வாசிக்கக்கூடும். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு குறையும் இருக்கவில்லை, குறை முழுவதும் ஒரு மாட்டை நேராகப் பார்க்கத் துணியாத என்னிடம்தான் இருந்தது என்பதை, ஐம்பது மீற்றர் நடந்து சொல்லியிருக்க வேண்டியவன், இத்தனை வருடம் கழித்து இப்படி எழுதித்தான் சொல்ல முடிகிறது.