செவ்வாய்ப் பாறையும் சிவப்புத் தட்டும்

தூத்துக்குடிப் பக்கம் நிலவியல் படித்தவள் நான். படித்து என்ன, ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாகங்களை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்க்கும் வேலைதான் கிடைத்தது. நன்றாக இருந்தால் பச்சைத் தட்டு. புள்ளியோ கீறலோ தெரிந்தால் சிவப்புத் தட்டு. ஒரு பீஸுக்கு நான்கு நொடி. யோசித்தால் லைன் நிற்கும், லைன் நின்றால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். மூன்று வருடத்தில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

செவ்வாய்ப் பாறைகளில் பழைய நுண்ணுயிர்களின் தடயம் தேடும் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் வேலை இருப்பதைப் பார்த்து விண்ணப்பித்தேன். ஆன்லைன் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். லீவு தரமாட்டார்கள் என்பதால் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். படப்பையில் எங்கள் கம்பெனி ஹாஸ்டலில் காய்ச்சல்காரியை வெளியே விடுவதில்லை. வார்டன் அக்கா கேட்டைப் பூட்டிவிட்டார். காயப்போட்ட யூனிஃபார்ம்களை ஒதுக்கிவிட்டு, ஜன்னலோரம் போனைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

முதல் அரைமணி நன்றாகவே போனது. பிறகு செவ்வாயில் ரோவர் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார்கள். பாறையில் வெளிறிய புள்ளிகள், சுற்றிலும் கருத்த விளிம்பு. "இது உயிரின் தடயமா?" என்றார் நேர்காணல் எடுத்த பேராசிரியை.

"இல்லை" என்றேன். நான்கு நொடிகூட ஆகியிருக்காது.

அது தப்பான பதில் என்பது சொன்ன வாய்க்கே தெரிந்தது. இப்படிப்பட்ட புள்ளிகளை நுண்ணுயிர்களும் உண்டாக்கும்; உயிரே இல்லாமல் வெறும் ரசாயனத்தாலும் வரும். சோதிக்காமல் ஆம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. இதைத்தான் ராப்பகலாகப் படித்திருந்தேன். திருத்திச் சொல்ல வாயெடுப்பதற்குள் நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள். என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. எங்கே போனாலும் இனி இரண்டு தட்டுகளோடுதான் போவேனோ என்று பயமாகவும் இருந்தது.

வார்டன் அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, காய்ச்சல் வுட்டுச்சா? அப்போ கெளம்பு, செகண்ட் ஷிஃப்ட் பஸ் வந்துரும்."

போனேன். நாலாவது பீஸிலேயே ஒரு புள்ளி. அழுக்கா, குறையா? கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பீஸ்கள் குவிந்தன. சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"இன்னாம்மா, ஓகேவா, ரிஜெக்டா?"

"இப்பமே சொல்ல முடியாது சார். நல்லா பாத்துட்டுதான் சொல்லணும்."

"லைன் நிக்குது. எதுனா ஒண்ணு சொல்லு."

சிவப்புத் தட்டில் போட்டேன். காலையில் அந்தப் பேராசிரியை என்னை அவசரப்படுத்தவே இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டிருந்தார்.