ஏழு பிரபுக்கள் கழுவிய கோப்பைகள்

தியாகலிங்கத்தின் பூட்டனார் யாழ்ப்பாணத்து ஊரொன்றில் உடையாராக இருந்தவர். வெள்ளைக்காரனுக்கு வரி அறவிட்டுக் கொடுத்ததுதான் அவருடைய உத்தியோகம். அந்தப் பெருமையைத் தலையில் சுமந்துகொண்டு ரொறன்ரோ வந்த தியாகலிங்கம், ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினார். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் கட்டடமொன்றில் பதினெட்டாம் மாடியில் குடியிருந்தார். "உடையார் பரம்பரை எப்பவும் உயரத்திலதான்" என்று தன்னைத் தானே நக்கலடிப்பார். லிஃப்ற் பழுதான நாட்களில் பரம்பரைக்கு மூச்சு வாங்கும்.

சூப்பர்வைசர் ஆவதற்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வளர்ந்தோர் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தார். இடமிருந்தது சரித்திர வகுப்பில் மட்டும்தான்.

ஒருநாள் பழைய ஐரோப்பாவின் பிரபுக்களைப் பற்றிப் பாடம். சண்டைக்குப் போவது, வழக்குத் தீர்ப்பது, வரி கட்டாமல் இருப்பது, இவைதான் பிரபுக்களின் வேலை. பிரான்சில் நூற்றுக்கு ஒருவர் தேறினாலே பெரிது. கடை வைத்தால், கைவேலை செய்தால் அந்தப் பட்டமும் போய்விடலாம். போலந்திலோ நூற்றுக்கு எட்டுப் பத்துப் பேர் பிரபுக்கள். அவர்களில் பலர் ஏவல் செய்ய ஆளில்லாமல் தாங்களே ஏர் பிடித்தார்கள். இடுப்பில் வாளைக் கட்டிக்கொண்டு உழுதவர்களும் உண்டு என்று கதை சொல்வார்களாம். ஆனாலும் பக்கத்து வயல் குடியானவனோடு சம்பந்தம் மட்டும் வைக்கமாட்டார்கள்.

தியாகலிங்கம் வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். உங்கள் ஊரில் எத்தனை பேர் பிரபுக்கள் என்று ஆசிரியை கேட்டார். தியாகலிங்கம் ஹோட்டல் சமையலறையை நினைத்தார். அங்கே அவரோடு சேர்த்து ஏழு யாழ்ப்பாணத்தார். தேத்தண்ணி நேரத்தில் ஏழு பேரும் தாங்கள் ஊரில் பெரிய குடும்பம் என்பார்கள். "நூற்றுக்கு நூறு, மிஸ்" என்றார். கோப்பை கழுவக் குடியானவன் ஒருவன்கூடக் கிடைக்கவில்லை, பாவம்.

அந்தச் சிரிப்பு ஞாயிற்றுக்கிழமை வரைதான் தாங்கியது.

தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே மகள் நிலாணி, கீதன் என்ற பொடியனை விரும்பினாள். ரொறன்ரோவிலேயே அஜின்கோர்ட் பக்கம் இருந்த அவன் தாயைப் பார்க்கப் புறப்பட்டார்கள். பஸ்ஸில் நிலாணி எச்சரித்தாள்.

"அப்பா, உங்கட மூண்டு கேள்வியும் அங்க வேண்டாம். கேட்டீங்களெண்டால் என்ர கலியாணத்துக்கு வராதேங்கோ. ஐ மீன் இற்."

சாதியை யாரும் நேரே கேட்பதில்லை. அது மரியாதை இல்லை. ஊரில் எவடம் என்பார்கள். பிறகு, எந்தக் கோயில்? கடைசியாக, அந்தக் கோயிலில் உங்களுடையது எத்தனையாம் திருவிழா? எந்த நாள் திருவிழா எந்தச் சாதியாருடையது என்பது ஊரறிந்த விஷயம். மூன்றாவது கேள்வியில் ஆள் அகப்பட்டுவிடுவார்.

கீதனின் தாய் இராஜேஸ்வரி றோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்கள் ஊரில எவடம்?" தியாகலிங்கத்தின் வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"வடமராட்சிப் பக்கம், அண்ணை."

"அங்க எந்தக் கோயில்?"

நிலாணி கோப்பையைக் கீழே வைத்தாள். "பிள்ளையார் கோயில்" என்ற இராஜேஸ்வரி, கைகளை மடியில் கோத்துக்கொண்டார். இந்த மனுசி அடுத்த கேள்விக்கு எத்தனை வீடுகளில் இப்படிக் காத்திருந்திருப்பார் என்று தியாகலிங்கத்துக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு ஆவலும் இருந்தது. தொட்டில் பழக்கம் லேசில் விடுமா? மகளைப் பார்த்தார். கோபித்திருந்தால் சமாளித்திருப்பார். அவள் பயந்துபோயிருந்தாள், சொந்தத் தகப்பனுக்கு.

"எத்தினையாம்..." என்று தொடங்கியும் விட்டார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"எத்தினையாம் நம்பர் பஸ் இஞ்சயிருந்து சப்வேக்குப் போறது?"

அந்தப் பஸ்ஸில்தான் சற்று முன் வந்து இறங்கியிருந்தார்கள். இராஜேஸ்வரி நம்பரைச் சொன்னார். சொல்லிவிட்டு, அவருடைய தட்டில் இன்னொரு றோல்ஸ் வைத்தார்.

ஆவணியில் கலியாணம். மண்டப வாசலில் ஒன்றுவிட்ட தம்பி இராஜரட்ணம் மெல்லக் கிட்ட வந்தார்.

"அண்ணை, மாப்பிளை ஆக்கள் எவடம்?"

"அஜின்கோர்ட்."

"ஊரில எவடமெண்டு கேட்டனான். என்ன ஆக்கள்?"

"தெரியாது."

"தெரியாமலோ பிள்ளையைக் குடுக்கிறியள்?"

"ஓம்" என்றார் தியாகலிங்கம். உடையார் பரம்பரையில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அறியவேண்டும் என்ற அரிப்பு அப்போதும் உள்ளே இருந்தது. அதையும் கூட்டிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக் கொடுக்க மணவறைக்குப் போனார்.