அம்மா கேட்டுத் தந்த ஜப்பான்மொழி

ஸ்மைலினுக்கு ஒரு பாடம் மனசில் ஏற வேண்டுமென்றால் யாராவது எதிரே உட்கார்ந்து, தாளைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்லக் கேட்டுத் தர வேண்டும். ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய பழக்கம். அம்மா லீலாபாய் முந்திரிப்பருப்பு உடைக்கும் ஆலைக்குப் போகிறவள். குலசேகரம் பக்கத்தில் அதை அண்டியாபீஸ் என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் வந்ததும் கை கழுவிவிட்டு, எத்தனை கழுவினாலும் கறை போகாத விரலை முதல் வரியில் வைத்துக்கொள்வாள். மகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். தாயின் விரல் வரிவரியாக நகரும். ஒரு சொல் விட்டுப்போனால் விரல் நின்றுவிடும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்படித்தான் ஓய்வுநாள் பள்ளியின் வசனப் போட்டிகளில் அவள் வருஷா வருஷம் எவர்சில்வர் தட்டு வாங்கினாள். சின்ன வயதிலேயே சபைக்கு முன்னால் நின்று, பைபிளில் இருப்பதிலேயே நீளமான சங்கீதத்தை ஓரிடமும் தட்டாமல் சொல்லி முடித்தாள். பன்னிரண்டாம் வகுப்பும் இப்படித்தான். மார்த்தாண்டத்தில் பி.காம் முடித்ததும் இப்படித்தான். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கல்லூரிக்குள் கால் வைத்ததில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அப்பா தேவகுமார், தாலுகா ஆபீஸில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பட்டத்தைவிடப் பத்திரமாக வைத்திருந்தார்.

பட்டம் வந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர், மேஜைமேல் கிடந்த ரசீது ஒன்றை எடுத்து நீட்டி, “இத எந்தக் கணக்குல எழுதுவ?” என்று கேட்டார். இரட்டைப் பதிவு முறையின் இலக்கணம், நன்மைகள், குறைகள் எல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். சொன்னாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த ரசீதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். அதுபோல இன்னும் இரண்டு இடம். அப்புறம் கூப்பிடுவதே நின்றுபோனது.

ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், மொழியில் ஆரம்பப் பாடம் முடித்தால் போதும், நேர்காணலில் பிடித்துப்போனால் மீதியை அவர்களே படிக்கவைப்பார்கள் என்று கேள்விப்பட்டு நாகர்கோவிலில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். இதுவும் போனால் அண்டியாபீஸ்தான் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மையத்தில் பாடம் எடுத்தவள் ஸ்மிதா. சில வருஷம் ஜப்பானில் இருந்து திரும்பியவள், களியக்காவிளைக்காரி. பிள்ளைகள் அவளை ‘சென்செய்’ என்று கூப்பிட வேண்டும். டீச்சர் என்றுதான் அர்த்தம். முதல் நாளே பலகையில் எழுத்துகளை எழுதிப்போட்டாள். ஒரு வகை எழுத்து முடிந்ததும் இன்னொரு வகை, அதற்கும் மேலே படம் படமாக வேறொன்று. ஸ்மைலின் என்ற பெயரை அவர்கள் எழுத்தில் எழுதினால் ‘ஸுமைரின்’ என்றுதான் வரும் என்றாள்.

“மக்கா, ஒனக்க பேருல சுமை ஏறிற்று பாத்தியா?” என்றான் பக்கத்தில் இருந்த ரதீஷ். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு மூன்று வருஷமாகச் சும்மா இருக்கிறவன்.

“நீ ஒனக்க பேர மொதல்ல எழுதுலே,” என்றாள் அவள்.

எழுத்துகள் அவள் கண்ணில் நிற்கவில்லை. காதுக்குத்தான் எதுவும் நிற்கும். அதனால் ஜப்பான் வரிக்கு மேலே தமிழில் எழுதிக்கொண்டாள். சென்செய் அதைப் பார்த்துவிட்டாள்.

“தமிழ்ல எழுதாத பிள்ள. பிறகு அந்த எழுத்து ஒன்கிட்ட வராது.”

“வீட்டுல கேட்டுத் தாறதுக்கு, சென்செய்.”

“ஆரு கேட்டுத் தாறா?”

“அம்மா.”

சென்செய் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தாள்.

லீலாபாய்க்கு அது எந்த மொழி என்பது ஒரு பொருட்டே இல்லை. தமிழ் எழுத்தில் இருந்தால் போதும். வாசலில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள், அடுப்பில் மரச்சீனிக்கிழங்கு வேகும்போதும் கேட்டாள்.

“ஏட்டி, இந்த ‘வா’ எங்க போச்சு? முழுங்கிற்ற பாத்தியா. மொதல்ல இருந்து சொல்லு.”

“அது சின்ன ‘வா’ தாம்மா.”

“சின்னதோ பெருசோ, எழுதியிருக்குல்லா. சொல்லு.”

பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. வகுப்பில் சென்செய் ஒரு பாடத்தின் எண்ணைச் சொன்னால் ஸ்மைலின் அதை முழுதாக ஒப்பித்தாள், கேள்வி கேட்கிறவன் பேசுவதையும் பதில் சொல்கிறவள் பேசுவதையும் ஒரே மூச்சில். மற்றவர்கள் கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சபை உபதேசியார் அவளை நிறுத்தி ஜப்பான்மொழியில் நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். சொன்னாள். “அருமையாட்டு பேசுகா,” என்றார் அவர். அந்த ஒரு கணம் அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் ஒரு நாள் டீக்கடை வாசலில் சென்செய் சாதாரணமாக, இன்றைக்கு எந்த பஸ்ஸில் வந்தாய் என்று ஜப்பான்மொழியில் கேட்டாள். பஸ் என்ற சொல் எந்தப் பாடத்தில் வருகிறது என்று ஸ்மைலினுக்குத் தெரியும். அதை எடுக்க அந்தப் பாடத்தின் முதல் வரியிலிருந்து மனசுக்குள் ஓடி வர வேண்டியிருந்தது. வந்து சேர்வதற்குள் சென்செய் டீயைக் குடித்து முடித்திருந்தாள்.

நேர்காணல் நாள் குறித்தாகிவிட்டது. ‘ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறாய்?’ என்று கட்டாயம் கேட்பார்கள், அதற்கு ஆளுக்கொரு பதில் எழுதி வாருங்கள் என்றாள் சென்செய்.

“சொந்தமாட்டு ரெண்டு வரி போதும். ஒனக்க வீட்டப் பத்தி, ஒன்ன வளத்தவங்களப் பத்தி. தப்பா இருந்தாலும் கொள்ளாம். நான் திருத்தித் தாறேன்.”

அன்றைக்கு ஸ்மைலின் பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஜப்பான்மொழியில் வராவிட்டால் போகட்டும், முதலில் தமிழில் எழுதிக்கொள்ளலாம் என்று பார்த்தாள். ஒரு வரிகூட வரவில்லை. ஏன் இந்த வேலை? வேறு வேலை கிடைக்கவில்லை. அதை எழுத முடியாது. அதற்குமேல் அவளிடம் என்ன இருக்கிறது? பதில் இல்லாத ஒரு கேள்வியோடு அவள் இதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. எல்லாக் கேள்விக்கும் எங்கேயோ ஒரு பதில் அச்சடித்து இருந்தது.

மறுநாள் ரதீஷின் வாட்ஸ்அப்பில் அந்தப் பதில் வந்துவிட்டது. முந்தின பிரிவில் படித்த அஞ்சு என்ற பெண் எழுதியது.

“இத அப்பிடியே படி மக்கா. இதச் சொல்லித்தான் அவளுக்கு கெடச்சுது.”

“அர்த்தம் என்னலே?”

“அர்த்தம் எதுக்கு? அஞ்சு இப்ப ஒசாகாவுல இருக்கா. அதுதான் அர்த்தம்.”

அவள் சிரித்துவிட்டாள். அர்த்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தமிழில் எழுதி எடுத்துக்கொண்டாள். அதில் ஒரு நீளமான வரி நாக்கில் நிற்காமல் வழுக்கியது. ‘ஹஹா வா பியோகி தெ நகுநாரிமாஷிதா.’ லீலாபாய் விடவில்லை. பிள்ளைக்கு வரும்வரை தானும் சேர்ந்து சொன்னாள்.

“இன்னைக்கு அண்டியாபீஸ்ல வச்சு இது எனக்க வாயில வந்திற்று, கேட்டியா? பக்கத்துல இருக்கவ கேக்கா, என்ன லீலா, மந்திரமா சொல்லுகன்னு. நான் சொன்னேன், எனக்க மவளுக்க ஜப்பான்னு.”

நேர்காணலுக்கு லீலாபாயும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். மையத்தின் ஒரு சின்ன அறையில் சுவரில் பெரிய டிவியை மாட்டி, அதன்மேல் கேமரா வைத்திருந்தார்கள். கதவு கண்ணாடி. அம்மா வெளியே பெஞ்சில், சோற்றுப்பையோடு. சென்செய் உள்ளே ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

திரையில் ஜப்பானிலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆணும். அந்தப் பெண்ணுக்கு லீலாபாய் வயது இருக்கும். ஸ்மைலின் குனிந்து வணங்கி, தன்னைப் பற்றிச் சொன்னாள். இருவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். எதிர்பார்த்ததுதான். அவள் அஞ்சுவின் பதிலைத் தொடங்கினாள். கண்ணாடிக்கு வெளியே லீலாபாயின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. அந்த நீளமான வரி இம்முறை வழுக்கவில்லை. முதல்தடவையாக ஓரெழுத்தும் பிசகாமல் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஸ்மைலின் லேசாகச் சிரித்தாள்.

திரையில் இருந்த ஆண் பக்கத்திலிருந்தவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. கண் நிறைந்துவிட்டது. கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து ஏதோ சொன்னாள். பிறகு ஒரு குழந்தையிடம் கேட்பதைப்போல மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். “ஒகாசான் வா, தொன்னா ஹிதோ தெஷிதா கா?”

அது தாளில் இல்லாத கேள்வி. ஒகாசான் என்றால் அம்மா. மற்றது எந்தப் பாடம்? ஸ்மைலின் தேடினாள். அந்தப் பெண் காத்திருந்தாள். மறுபடி அதே கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்டாள். ஸ்மைலினின் வாய் திறந்தது. தன்னைப் பற்றிய அறிமுகத்தை அவள் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பாதியில் புரிந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் என்ன சொல்வது?

எல்லாரும் போன பிறகு சென்செய் அவளை உட்காரவைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“நீ என்ன சொன்னன்னு தெரியுமா? ஒனக்க அம்மா சீக்கு வந்து செத்துப்போனாவன்னு சொன்ன. சொல்லிற்று சிரிச்ச.”

ஸ்மைலின் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை.

“அஞ்சுக்கு அம்மா இல்ல பிள்ள. கடைசிவர அவதான் கூட இருந்து பாத்தா. அவ அவளுக்க கதையச் சொன்னா. நீ ஆருக்க கதையச் சொன்ன? காலைல அந்த மேடம் வாறதுக்கு முன்ன ரதீஷும் இதத்தான் சொன்னான். அவனுக்கு முன்ன ஒருத்தியும் சொன்னா. ஒரே நாள்ல மூணு அம்மா. கேக்கவங்க முட்டாளா?”

“இன்னொரு தடவ சொல்றேன், சென்செய். அர்த்தம் படிச்சிட்டு வாறேன்.”

“எடுக்க மாட்டாவ. இப்பமே பறைஞ்சாச்சு.”

வடசேரி பஸ் ஸ்டாண்டில் குலசேகரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பஸ் தக்கலை தாண்டியது. லீலாபாய் மெல்ல ஆரம்பித்தாள்.

“நான் கதவு வழியா பாத்துட்டுதான் இருந்தேன். அந்த நீள வரி வந்ததும் அந்தப் பொம்பளைக்கு கண்ணு நெறஞ்சுதே. அதுல என்னட்டி சொல்லியிருக்கு?”

ஸ்மைலின் சொன்னாள்.

லீலாபாய் வெளியே ரப்பர் தோட்டத்தைப் பார்த்தாள். “நானும் கூட உக்காந்து அதச் சொன்னேனே,” என்றாள். கொஞ்சம் கழித்து, “சரி. வேல கெடைக்கும்னா அதுவும் கொள்ளாம். நான் இஞ்ச இருக்கேன்லா.”

“கெடைக்காதும்மா.”

அம்மாவின் கை பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. “பின்ன அவ என்னவோ திரும்பத் திரும்பக் கேட்டாளே?”

“நீங்க எப்பிடிப்பட்ட ஆளுன்னு கேட்டிருக்கா. சென்செய் சொன்னாவ.”

“அதுக்கு ஒனக்கு பதில் வரல்லியா?”

“ஜப்பான்ல வரல்ல.”

“தமிழ்ல கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?”

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் லீலாபாய். ஸ்மைலின் வாயைத் திறந்தாள். ‘என் அன்னை அன்பும் பண்பும் மிக்கவர், அயராத உழைப்பாளி’ என்று ஒரு வரி உடனே வந்து நின்றது. நான்காம் வகுப்பில் டீச்சர் பலகையில் எழுதிப்போட, வகுப்பில் இருந்த எல்லாரும் பார்த்து எழுதிய கட்டுரையின் முதல் வரி. அதைத் தள்ளிவிட்டு அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். அதே கட்டுரையின் இரண்டாவது வரிதான் இருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். லீலாபாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இறங்க வேண்டிய இடம் இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கும்போதே எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.