எது கழிஞ்சது?

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிட்டங்கியின் மாடியில் எங்கள் அலுவலகம். ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தோம். படகு இருக்கும் இடத்தை அது செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்பும். ஆபத்தென்றால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. எங்கள் திரையில் ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி.

அன்று காலை ஒரு புள்ளி நகரவில்லை. அந்தப் படகை ஓட்டுபவர் குளச்சல்காரர். அவர் மனைவி தோப்பும்படியில் குடியிருந்தார். தினமும் மாடியேறிப் புள்ளியைப் பார்த்துவிட்டுப் போவார். அன்றும் வந்தார்.

"நேத்து நின்ன எடத்துலயே நிக்கி?"

"வலை போட்டிருப்பாங்க அக்கா," என்றார் என்னோடு வேலை செய்தவர், கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கடைசியாகச் செய்தி வந்த நேரம் திரையின் மூலையில் இருந்தது. அதை அவர் கை மறைத்துக்கொண்டிருந்தது.

"கைய எடு மக்கா. எனக்கு மணி பாக்கத் தெரியும்."

கையை எடுத்தார். நேரம் முந்தின நாளுடையது. கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை காலைச் செய்தியில் வந்திருந்தது. பெட்டி நின்றிருக்கலாம், படகே இல்லாமல் போயிருக்கலாம். இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். படகோட்டியின் மனைவி கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மேசையில் அதே மாதிரிப் பெட்டி ஒன்று பல நாட்களாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் காலி மெமரி குறைந்துகொண்டே வந்தது. இயக்குதளத்தின் உள்ளே மெமரியைப் பங்கிட்டுக் கொடுப்பது கெர்னல். கொடுத்தது திரும்பி வராவிட்டால் ஒருநாள் இடம் தீர்ந்து பெட்டி உறைந்துபோகும். பச்சை விளக்கு மட்டும் எரியும். சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் கரைக்கு எதுவும் வராது.

கசிவைத் தேடும் வசதி கெர்னலிலேயே இருக்கிறது. நிரலின் எந்த இடமும் சுட்டாமல் அநாதையாகக் கிடக்கும் மெமரித் துண்டுகளை அது காட்டும். ஓட்டினேன். எதுவும் வரவில்லை. மறுபடி ஓட்டினேன். வரவில்லை. மெமரி குறைந்துகொண்டிருந்தது.

எந்த வகைத் துண்டு கூடுகிறது என்று பார்த்தேன். ஒரே ஒரு வகை: அனுப்பக் காத்திருக்கும் செய்திகள். ஆனால் அவை எல்லாம் ஏற்கெனவே அனுப்பப்பட்டவை.

"அனுப்பினதை லிஸ்ட்லருந்து கழிச்சாச்சான்னு அன்னைக்கே கேட்டேன். கழிஞ்சுன்னு சொன்னீங்க," என்றேன் உடன் வேலை செய்தவரிடம்.

"ஆமா சேச்சி. அனுப்பிக் கழிஞ்சு."

"கழிச்சீங்களா, இல்லையா?"

"கழிஞ்சுன்னா முடிஞ்சுதுன்னு. லிஸ்ட்லேந்து எடுக்கறது உங்க பக்கம்னில்ல விசாரிச்சேன்... நெனச்சேன்."

நான் மதுரைக்காரி. எனக்குக் கழிப்பது என்றால் நீக்குவது. அவருக்கு அது மலையாளச் சொல். வேலை முடிந்தது என்று பொருள். ஆக, செய்திகளை யாருமே நீக்கவில்லை. பட்டியல் அவற்றை இன்னும் சுட்டிக்கொண்டிருந்ததால், தேடும் கருவிக்கு அவை பயன்பாட்டில் இருப்பவை.

"அப்போ பெட்டிதான் செத்துருக்கா?" என்றார் படகோட்டியின் மனைவி.

"பெட்டியாத்தான் இருக்கும்."

"இருக்குமா?"

எனக்கு அதற்குமேல் தெரியாது. பெட்டியை அணைத்துப் போட்டால் மெமரி காலியாகும், புள்ளி நகரும். அதைப் படகுக்குச் சொல்ல வேண்டும். கரையிலிருந்து வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. நடுவில் ஒரு படகு வேண்டும். மத்தியானத்துக்கு மேல் அப்படி ஒன்று கிடைத்தது. படகு முதலாளி துறைமுகத்திலிருந்து அதனிடம் சொல்லி அனுப்பிவிட்டு, எங்களுக்குக் கேட்கும்படி தன் போனை வயர்லெஸ் பக்கத்தில் வைத்தார். நீண்ட இரைச்சல். பிறகு நடுப்படகின் மலையாளக் குரல், ஒரே ஒரு சொல் மட்டும்: "...கழிஞ்ஞு."

அந்த அம்மாள் எழுந்து நின்றார். "என்ன கழிஞ்சுங்கான்?"

உடன் வேலை செய்தவர் என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, எது முடிந்தது என்று தெளிவாகச் சொல்லச் சொன்னார். "எந்தா கழிஞ்ஞது சேட்டா? தெளிச்சுப் பற." இரைச்சல்தான் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

மூவரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். யாரும் உட்காரவில்லை. கீழே சுக்கு மூட்டை இறக்கும் சத்தம் ஓய்ந்த பிறகு புள்ளி மறைந்து, கரைக்குச் சற்றுப் பக்கத்தில் மீண்டும் தோன்றியது.

படகோட்டியின் மனைவி அழவில்லை. "இப்ப பொத்தான அமுக்குனா கரைக்கு வருமா?"

"வரும். மெமரி மறுபடி நிறையற வரைக்கும்."

"மத்த போட்டுலயும் இதே பெட்டிதானே?"

ஆமாம் என்றேன். அவர் வீட்டுக்குப் போகவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து, மற்றப் புள்ளிகளின் நேரத்தை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார்.