வியாகுல மாதாவுக்கு முகம் செய்தபோது

போன வருடம் ஆடி மாதம், ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாகத் தானே வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கிக் கிடக்கிறது. வலது கண் மூடவில்லை. ஆடிக் காற்று அடித்துவிட்டது என்றார்கள் தெருவில். டாக்டர் முகவாதம் என்றார். மாத்திரை கொடுத்து, தினமும் கண்ணாடி முன் நின்று கன்னத்தை ஊது, சிரித்துப் பார் என்றார். முழுசாகச் சரியாகுமா என்றேன். பார்ப்போம் என்றார். அந்த ஒரு சொல் என்னை உடைத்துப் போட்டது.

கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன். பூசைக்கும் போகவில்லை. மாதாவிடம் ஒரே ஜெபம்தான், அதுவும் சண்டைதான்: உன் மகனிடம் சொல்லி என் முகத்தைத் திருப்பி வாங்கித் தா.

கோவில்பட்டியில் எங்களுக்குச் சொரூபம் செய்யும் பட்டறை. நான் கம்ப்யூட்டரில் உருவத்தை வடிப்பேன். அதை த்ரீடி பிரிண்டரில் எடுத்து, அச்சாக்கி, என் வீட்டுக்காரர் ஃபைபரில் வார்ப்பார். கயத்தாறு பக்கம் ஒரு கோவிலுக்கு அப்போது, மகன் சாவுக்கு அழுகிற வியாகுல மாதா கேட்டிருந்தார்கள். முகத்தில் ஒரு பக்கத்தை வடித்தால் போதும், மறுபக்கத்தைக் கம்ப்யூட்டரே அச்சு அசலாகப் போட்டுவிடும். எப்போதும் அப்படித்தான் செய்வேன். கண்ணீரும் வைத்தேன். பொம்மை அழுவது போலிருந்தது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, அழுதவ மொகம் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலயா இருக்கும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாவம், அவர் சொரூபத்தைப் பற்றித்தான் சொன்னார். நான் என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஆத்திரத்தில் போய்க் கண்ணாடித் துணியை உருவினேன். அழுகிற என் முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தேன்.

பிறகு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வடிக்க உட்கார்ந்தேன். கண்ணாடியை மேசையிலேயே வைத்துக்கொண்டேன். புருவம் எப்படிச் சுருங்கும், உதடு எங்கே இழுபடும் என்று பார்க்க, தினமும் முகத்தை அசைத்து அசைத்துப் பார்த்தேன். டாக்டர் சொல்லியும் செய்யாததை மாதாவுக்காகச் செய்தேன். ஒரு மத்தியானம் வலது உதட்டோரம் துடித்தது. மறுபடி முயன்றேன். அசைந்தது.

"இங்கன வாங்க, வந்து பாருங்க" என்று கத்தினேன். ஓடிவந்தவர் ஃபைபர் தூசிக் கையோடு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அரிப்புகூட எனக்குச் சுகமாக இருந்தது.

அந்தக் கோவில் திருவிழாவில் பங்குச் சாமியார் சொரூபத்தை மந்திரித்து ஆசீர்வதித்தபோது, முகத்தை முக்காட்டால் மறைக்காமல் முன்னால் நின்றேன். மகனைப் பறிகொடுத்த ஓர் அக்கா மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவிய நெசமாவே அழுதிருக்காவ" என்றாள்.

ஆண்டவருக்கு நன்றி, என் முகம் திரும்பிவிட்டது. சிரித்தால் மட்டும் வலது பக்கம் கொஞ்சம் பிந்தி வரும், வரட்டும். பிரியமானவர்களே, எல்லாம் சரியான பிறகு மாதாவிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற முகத்தோடு போங்கள்.