சித்தியின் துப்பாக்கிக்கு ஒரு சைட்

கீழ்க்கட்டளையில் நாங்கள் குடியிருந்த வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமானது. வாசல் கதவிலிருந்து பின்சுவர்வரை, துப்பாக்கிப் போட்டிக்கு வேண்டிய பத்து மீட்டருக்கு மேல் இருந்ததால்தான் சித்தி எங்களோடு தங்கச் சம்மதித்தாள் என்று அப்பா சொல்வார். சித்தி, அம்மாவின் தங்கை. பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்தைந்து வயது. சாயங்காலம் பின்சுவரில் கறுப்பு வட்டம் போட்ட குறி அட்டையை மாட்டிவிட்டு, ஏர் பிஸ்டலோடு வாசல் பக்கம் நின்று, “எல்லாரும் ரூமுக்குள்ள போங்க” என்று ஒரே ஒரு தடவை சொல்வாள். பிறகு முக்கால் மணி நேரத்துக்குப் பின்பக்கம் காயும் துணியைக்கூட யாரும் எடுக்க முடியாது.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்க ஒரு மாதம் இருக்கையில் அவளுடைய குண்டுகள் கறுப்பு வட்டத்தை விட்டு விலகத் தொடங்கின. துப்பாக்கியின் முனையில் ஒரு சிறிய இரும்புக்கட்டை நிற்கும். பின்னால் ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவே கட்டையை நிறுத்திச் சுட வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் சைட்.

“முன்னாடி கட்டை கரைஞ்சு போற மாதிரி இருக்குக்கா” என்று அம்மாவிடம் சொன்னாள்.

கிட்டத்தில் இருப்பது மங்குகிற வயசுதான் என்றார் கண் டாக்டர். அவர் கொடுத்த கண்ணாடியைப் போட்டால் கட்டை தெளிந்தது; எதிரே இருந்த அட்டை அடியோடு காணாமல் போனது.

அப்பா இதை ஓர் இயந்திரக் கோளாறாகவே எடுத்துக்கொண்டார். ஆபீஸ் நண்பரைப் பிடித்து, குட்டித் தொலைநோக்கி போன்ற ஒரு ஸ்கோப்பை வாங்கி வந்து மாட்டினார். நான் பார்த்தேன். அட்டை என் மடியில் வந்து உட்கார்ந்தது. சித்தி கையை நீட்டி வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லா பெரிசா தெரியுது மாமா. என் கை ஆடறதும் சேர்ந்து பெரிசா தெரியுது. போட்டியில இத மாட்டவும் விடமாட்டாங்க.”

அப்பா அதன்பின் மொட்டைமாடியில் விமானம் பார்க்க அதை வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சித்தி என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறைக்குப் போனாள். அவள் சொன்ன அளவில் மூன்று கட்டைகளை அரத்தால் தேய்த்து வைத்திருந்தார் பட்டறைக்காரர். சுவரில் அட்டையை ஒட்டி, குண்டு போடாத துப்பாக்கியை நீட்டி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆனது. எனக்குப் பசித்தது.

“இன்னாம்மா, மூணும் ஒரே மாரிதான கீது?”

“இல்லண்ணா. இந்தத் தடியானது நல்லாருக்கு. பின்னாடி பள்ளத்த மட்டும் இன்னும் கொஞ்சம் அகலம் பண்ணுங்க.”

“தடியா கீதே, குறிய மறைச்சிடாது?”

“அட்டை மங்கலா இருந்தா பரவால்லண்ணா. கட்டையோட ஓரம் கோடு போட்ட மாதிரி தெரியணும்.”

“பேஜாரான வேலம்மா இது” என்றவர், அவள் கேட்காமலே பள்ளத்தை இன்னொரு தடவை தேய்த்துக் கொடுத்தார்.

தேர்வு தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் நடந்தது. அம்மாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் எல்லாரும் சுட்டு முடித்துவிட்டார்கள். சித்திக்கு ஒரே ஒரு குண்டு பாக்கி. அவளைவிடப் பாதி வயதுப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தார்கள். சித்தி கையை உயர்த்தினாள், சுடாமல் இறக்கினாள். மறுபடி உயர்த்தினாள், இறக்கினாள். மூன்றாம் தடவையும் அப்படியே. பின்னால் யாரோ சிரித்தார்கள். என் காது சுட்டது.

“சித்திக்கு பயமாம்மா?”

“கட்டை தெளியறவரைக்கும் சுட மாட்டா” என்றாள் அம்மா. சித்தி கண்ணை மூடித் திறந்து, மூச்சை விட்டு, நான்காம் தடவை கையை உயர்த்தினாள். சுட்டாள். குண்டு நட்டநடுவில் துளைத்திருந்தது. தேர்வானவர்களின் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு சித்தியின் கதையைச் சொன்னேன். சுடுவதற்கு முன் மூன்று தடவை கையை இறக்கியதை மட்டும், அவள் மானம் போய்விடக் கூடாதே என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.