எலிசபெத்வில்லுக்குப் போன அப்பா

அப்பாவின் காற்சட்டை மடிப்பை விரித்தால் கறுப்பு மண் கொட்டும். உள்ளங்கையில் வைத்தால் ஈயம்போல் கனக்கும், வெயிலில் மினுங்கும். "எலிசபெத்வில் செப்புச் சுரங்கத்து மண்ணடா" என்பார். திருகோணமலைத் துறைமுகத்தருகே வளர்ந்த எங்களுக்குப் பெரிய ஊர் என்றால் அங்கே கப்பல் போகத்தான் வேண்டும். ஆகவே ஆபிரிக்காவிலிருந்த அந்த ஊருக்கு அப்பா கப்பலில் போய்வருகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறாரே, கப்பல் அவ்வளவு வேகமாகவா ஓடுகிறது என்று யோசிக்காத அறிவாளி நான். அந்த மண்ணைக் காகிதத்தில் சுற்றிக் காட்டிக் காட்டியே வகுப்பில் பெரிய மனிதனாகத் திரிந்தேன்.

ஒருநாள் புவியியல் பாடத்தில், ஆபிரிக்கத் தேசப்படத்தில் எலிசபெத்வில்லுக்கு ஒரு நங்கூரம் வரைந்து வைத்தேன்.

"தம்பி, அந்த ஊருக்குக் கடலே இல்லை" என்றார் வாத்தியார். "வெள்ளைக்காரன் வைச்ச அந்தப் பேரையும் நீர் பிறக்க முந்தியே மாத்திப்போட்டாங்கள். இப்ப அது லுபும்பாசி."

ஏதோ பழைய தேசப்படத்தில் பொறுக்கிய பெயர். பொய்யைக்கூட அப்பா எங்களுக்குப் புதிதாக வாங்கித் தரவில்லை.

வகுப்பே சிரித்தது, சிரிக்காதவன் பக்கத்துக் கதிரை நசீர் மட்டும். அவனுடைய வாப்பா புல்மோட்டைக்குப் போய் மீன் வாங்கிவருபவர். பள்ளி விட்டதும் மெல்லச் சொன்னான்: "கோவிக்காதடா. உன்ட அப்பாவ வாப்பா அடிக்கடி காணுறவர். புல்மோட்டைக் கடற்கரையில கறுப்பு மண் அள்ளுற வேலையாம். அங்க ஒரு வீடும் இருக்காம், பொம்பிளையும் மகனும் இருக்காம்."

புல்மோட்டை! பஸ்ஸில் போகிற தூரம்.

நசீரைத் தள்ளி விழுத்திவிட்டு ஓடினேன். அம்மா கிணற்றடியில் அந்தக் காற்சட்டையைத்தான் உதறிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார், கத்துவார் என்று பார்த்தால், மடிப்பில் மிஞ்சிய மண்ணை விரலால் தட்டினார்.

"தெரியும். கைகாலைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வா."

அப்பாவின் கதையைவிட அந்தத் "தெரியும்"தான் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. வீட்டில் ஏமாந்தவன் நான் ஒருவன்தான்.

போன மாதம் அப்பா எங்கள் வீட்டில் இறந்தார். செத்தவீட்டுக்குப் புல்மோட்டை மகனும் வந்திருந்தான். அதே மூக்கு, என்னுடைய அதே வழுக்கை. குத்திக்காட்டத்தான் சொன்னேன்: "உங்களிட்ட வரேக்க, எலிசபெத்வில் போறன் எண்டுதான் எங்களுக்குச் சொல்லுறவர்."

அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அண்ணை, இஞ்ச வரேக்க எங்களுக்கும் அதைத்தானே சொன்னவர்."

எலிசபெத்வில் இப்போது எந்தத் தேசப்படத்திலும் இல்லை. அதில்தான் இவ்வளவு காலமும் குடியிருந்திருக்கிறேன்.